தீயணைப்புக் கருவி என்று 46,500 ரூபாய்க்குப் பழைய இரும்பை விற்றுவிட்டார்கள்: சிறு கடைக்காரர்கள் கவனம்

வலது கையில் இன்னும் கட்டு இருக்கிறது. இடது கையால்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்ததும் முதல் வேலையாக ஓடினேன். அங்கே கிடைத்த பதிலுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

46,500 ரூபாய். நெருப்பை அணைக்கும் கருவி என்று சொல்லி அவ்வளவு காசையும் வாங்கிக்கொண்டு, பழைய இரும்புக்குச் சிவப்புச் சாயம் பூசி என் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். உங்கள் சுவரிலும் அதே சிலிண்டர் தொங்கிக்கொண்டிருக்கலாம். எப்படிச் சோதிப்பது, யாரிடம் போவது என்பதையெல்லாம் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கல்முனை வீதியை ஒட்டிய சிறிய நகரம் ஒன்றில் நானும் மாமியும் சிற்றுண்டிக் கடை நடத்துகிறோம். காலையில் இடியப்பமும் பிட்டும், பின்னேரம் வடை, ரோல்ஸ், பற்றிஸ். சித்திரை நெருங்கினால் பலகார ஓடர். இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு. சமையலறையின் பின்சுவருக்கும் பக்கத்து வீட்டுக் கிடுகு வேலிக்கும் நடுவே நான்கு முழம்கூட இடைவெளி இல்லை.

வருடம் பிறந்தால் வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். இம்முறை உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. உணவு தயாரிக்கும் இடங்களில் தீயணைப்புக் கருவி பொருத்தி, அதற்கான சான்றிதழின் பிரதியை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டுமாம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊருக்கென்று தீயணைப்பு வண்டி கிடையாது. மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ மாநகர சபை வண்டி வரவேண்டும். அது வந்து சேருவதற்குள் ஒரு கிடுகுக் கொட்டில் எரிந்து சாம்பலும் ஆறிவிடும். ஆகவே அந்த விதியின் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அதை நடைமுறைப்படுத்துகிறோம் என்று சொல்லி, ஒரு கடதாசியை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டு போனவர்கள் மேல்தான் கோபம்.

கடிதம் கைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஜனவரி 28ஆம் தேதி காலை, சிறிய வான் ஒன்றில் அந்தக் கருவிகளை விற்றவன் வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

"அக்கா, அனுமதிப்பத்திரக் கடிதம் வந்திருக்குமே?" என்றான்.

இது எப்படி இவனுக்குத் தெரியும் என்று அந்த நிமிடமே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அலுவலகத்திலிருந்துதான் அனுப்பியிருக்கிறார்கள் என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. அவனும் அதை ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பியை விரித்துக் காட்டினான். எங்கள் வீதியில் கருவி வாங்கிய கடைகளின் பட்டியல், பக்கத்தில் கையெழுத்துகள். அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த புடைவைக்கடை அண்ணனின் கையெழுத்தும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

மாமி மட்டும் தயங்கினார். "தம்பி, இது வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவன் சிரித்தான். வானிலிருந்து ஒரு சிறிய சிலிண்டரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். பாதியாக வெட்டிய தகரத்தில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றிக் கொளுத்தினான். தீ இடுப்பளவு எழுந்தது. பிடியில் இருந்த பாதுகாப்பு ஊசியைக் கழற்றி அழுத்தினான், வெள்ளைப் புகையாகப் பொடி பறந்தது, தீ அடங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். "2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் அடுப்பு வெடித்ததே, மறந்துவிட்டீர்களா அம்மா?" என்று மாமியிடம் கேட்டான். மறப்போமா? அந்த நாட்களில் மாமி இரவில் எழுந்து எழுந்து போய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பயத்தைத் தொட்டுத்தான் அவன் எங்களை வீழ்த்தினான்.

தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தான். அதைப் பார்த்து "நல்ல வளர்ப்பு" என்று மாமி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

ஆறு கிலோ பொடிக் கருவி இரண்டு, ஒன்று 17,500 ரூபாய். சான்றிதழுக்கும் ஒரு வருடப் பராமரிப்புக்கும் 11,500 ரூபாய். மொத்தம் 46,500. தையல் மெஷின் வாங்க வைத்திருந்த சீட்டுக் காசிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். முற்றத்தில் எங்களுக்கு அணைத்துக் காட்டிய சிலிண்டர் திரும்ப வானுக்குள் போனது. சுவரில் மாட்டியவை வேறு இரண்டு. இதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

பொன்னிற முத்திரை பதித்த சான்றிதழ் இரண்டு நாளில் வந்தது. பிரதியை அலுவலகத்தில் கொடுத்தேன். ஓர் உத்தியோகத்தர் கடைக்கு வந்து வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், படிவத்தில் சரி போட்டார். கிட்டப் போகவில்லை, தொடவில்லை. அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 4, இரவு எட்டரை மணி. முறுக்கு ஓடர் மலை போலக் குவிந்திருந்தது. தாச்சியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, நான் முன்பக்கம் போய் ஓடர் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் தவறு, மறைக்கவில்லை. மாமியின் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது தாச்சி முழுவதும் தீ. கூரைத் தகரம் வரைக்கும் நாக்கு நீட்டியது.

சுவரிலிருந்த கருவியை இறக்கினேன். அவன் காட்டித் தந்தபடியே ஊசியைக் கழற்றி, குழாயைப் பிடித்து, முழுப் பலத்தோடு அழுத்தினேன். "புஸ்" என்று ஒரு சத்தம். ஒரு கரண்டி மா அளவுக்குப் பொடி வந்து என் கால் விரல்களில் விழுந்தது. அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவதை எடுக்கப் போனபோதுதான் தீ என் கையைப் பிடித்தது. அந்த இரண்டாவதில் சத்தம்கூட வரவில்லை.

மாமிதான் காப்பாற்றினார். எழுபது வயது மனுசி, ஒரு சொல்லும் பேசாமல் பெரிய அண்டாவின் மூடியைத் தூக்கித் தாச்சியின் மேல் போட்டார். வேலைக்கு நிற்கும் பையன் வெளியே ஓடிக் கேஸைப் பூட்டினான். மூடிக்குக் கீழே எண்ணெய் உறுமிக்கொண்டே இருந்து மெல்ல அடங்கியது. கச்சான் காற்று வீசும் மாதமாக இருந்திருந்தால் அந்தக் கிடுகு வேலி பிடித்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டிய பிள்ளைகள் படுத்திருந்தார்கள். இதை எழுதும்போதும் உடம்பு நடுங்குகிறது.

மறுநாள் காலை வெல்டிங் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் இரண்டு சிலிண்டர்களையும் அரிசிக் கடைத் தராசில் வைத்தார். நிரப்பிய கருவியின் மொத்த எடை ஒன்பது கிலோவுக்கு மேல் என்று அதன் உடம்பிலேயே அச்சடித்திருக்கிறது. ஒன்று ஐந்து கிலோ 200 கிராம். மற்றது அதிலும் குறைவு. அழுத்தத்தைக் காட்டும் சிறிய வட்டத்தில் முள் அப்போதும் பச்சையிலேயே நின்றது. விரலால் தட்டினோம், அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினால், முள்ளின் அடியில் ஒரு சொட்டுப் பசை. தலைப்பகுதியைத் திறந்தபோது உள்ளே பொடி நனைந்து காய்ந்த கோதுமை மாப் போலக் கல்லாகிக் கிடந்தது. புதிய ஸ்டிக்கரைக் கத்தி நுனியால் சுரண்டினேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 2011 என்று தயாரித்த வருடம்.

உடனே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் நாள், "ஐயோ அக்கா, நாளைக்கே வருகிறேன்." இரண்டாம் நாள், "கொம்பனிக்கு அறிவித்திருக்கிறேன், புத்தாண்டு முடியட்டும்." மூன்றாம் நாள், "நீங்கள் ஊசியைத் தவறாகக் கழற்றியிருப்பீர்கள், அதற்கு உத்தரவாதம் இல்லை." நான்காம் நாளிலிருந்து தொலைபேசி வேலை செய்யவில்லை.

ஒரு சிலிண்டரை அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி, பற்றுச்சீட்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடை, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அங்கிருந்த பெரியவர் பற்றுச்சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எங்கள் புத்தகம்தான் தங்கச்சி, ஆனால் அவர் தரகுக்கு வேலை செய்தவர், இப்போது எங்களோடு இல்லை" என்றார். காசு யாரிடம் வந்தது என்று கேட்டேன். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விடயம்." என் கையைப் பார்த்தும் அந்த மனிதர் உட்காரச் சொல்லவில்லை.

பொலிஸில் இரண்டு மணி நேரம் வாங்கில் இருந்த பிறகு முறைப்பாட்டைப் பதிந்தார்கள். பதிந்ததோடு சரி.

இன்று உள்ளூராட்சி அலுவலகம். "நாங்கள் யாரையும் அனுப்பவில்லை அம்மா" என்றார்கள். சரி. அப்படியானால் என் கோப்பில் இருக்கும் சான்றிதழை எதை நம்பி ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "கருவி இருக்கிறதா, திகதி போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா, அதைத்தான் பார்ப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஆளும் இல்லை, வசதியும் இல்லை." அத்தோடு விடவில்லை. இப்போது என் கருவி பழுது என்று நானே சொல்லிவிட்டதால், புதியது பொருத்தும் வரைக்கும் சமையலறையை மூடிவைக்க வேண்டுமாம்! ஏமாந்த எனக்கு ஒரே நாளில் சட்டம் பாய்கிறது. என்னை ஏமாற்றியவன் அந்த அலுவலகத்தின் கடிதத்துக்குப் பின்னாலேயே கடை கடையாக ஏறி இறங்கியபோது எந்தச் சட்டமும் கண் திறக்கவில்லை.

கடிதம் யார் யாருக்குப் போனது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கும் பதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பார்ப்போம்.

திரும்பும் வழியில் புடைவைக்கடை அண்ணனிடம் ஏறினேன். அந்தக் கொப்பியில் இருந்தது அவருடைய கையெழுத்தே இல்லை. என் பெயரைக் காட்டித்தான் அவருக்கும் விற்றிருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீயணைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சொன்னார்: இந்தப் பொடிக் கருவி நன்றாக இருந்திருந்தால்கூடக் கொதிக்கும் எண்ணெய்த் தீக்கு ஏற்றதல்ல. கிட்ட நின்று அடித்தால் எரியும் எண்ணெய் தெறிக்கும், அணைந்தாலும் சூட்டில் மறுபடி பிடிக்கும். எண்ணெய்க்கென்று ஈர இரசாயனக் கருவி தனியாக இருக்கிறதாம், அது எண்ணெயின் மேல் சவர்க்காரம் போலப் படலம் கட்டி மூடுமாம். "சமையலறைக்கென்றே செய்தது அக்கா" என்றுதான் அவன் எனக்கு இதைத் தந்தான்.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், கை வலிக்கிறது. முக்கியமானவை மட்டும்.

சிலிண்டரை இன்றைக்கே தராசில் வையுங்கள், அதில் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்துக் காதில் வையுங்கள், பொடி சரியும் சத்தம் கேட்க வேண்டும். பச்சையில் நிற்கும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நகத்தால் தேடுங்கள். அலுவலகத்திலிருந்து வந்தேன் என்று சொல்பவனை நிறுத்தி வைத்துவிட்டு அந்த அலுவலகத்துக்கே தொலைபேசி எடுங்கள். வீடு தேடி வருபவன் கையில் காசு கொடுக்காதீர்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, கேஸைப் பூட்டி மூடியால் மூடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு ஏப்ரல் 28 கடைசி நாள். "புத்தாண்டு முடியட்டும்" என்று அவன் இழுத்தது எதற்கென்று இப்போதுதான் விளங்குகிறது. ஜனவரி, பெப்ரவரியில் வெள்ளை வானில் வந்தவனிடம் கருவி வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் பற்றுச்சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நாளை மறுநாள் காலை முறைப்பாட்டைக் கொடுக்கப் போகிறேன். புடைவைக்கடை அண்ணன் வருகிறார், இன்னும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.