குணாவா, மஞ்சும்மெல் பாய்ஸா? மலை வீட்டில் இன்னொரு தடவை பார்க்க எது?

ஐப்பசி அடைமழையில் கொடைக்கானலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வெளியே வேலை இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் பார்த்த படங்களில் எதை மறுபடி போடலாம் என்று பேச்சு வந்தபோது, கடைசியில் நின்றது இரண்டுதான். கமல் நடித்த குணா, 2024-ல் மலையாளத்தில் வந்த மஞ்சும்மெல் பாய்ஸ். இரண்டுக்கும் நடுவில் முப்பத்து மூன்று வருட இடைவெளி இருந்தாலும், கதை போய்ச் சேரும் இடம் ஒரே பாறை இடுக்கு. தூண் பாறைப் பக்கம், மோயர் பாயிண்ட் போகும் சாலையில் இருக்கும் அந்தக் குகை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு நான் தேர்ந்தெடுத்தது மஞ்சும்மெல் பாய்ஸ். மாமியார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கமல் படத்தைப் போய் இதோட சேர்த்துப் பேசுறியேம்மா" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நடிப்பு, இசை பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1991 தீபாவளிக்கு வந்த குணாவில் கமல் என்ன செய்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். மருத்துவர் முன்னால் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தபடி தன் பிறப்பைப் பற்றிப் பேசும் காட்சியை இன்றைக்கும் ஒரு நடிகருக்குப் பாடமாகப் போட்டுக் காட்டலாம். இளையராஜா பாட்டுகளுக்கு இணையாக 2024 படத்தில் எதுவும் இல்லை. அந்தப் படமே தன் முக்கியமான இடத்தில் 'கண்மணி அன்போடு' பாட்டைத்தான் கடன் வாங்குகிறது. தனித்தனியாக மதிப்பெண் போட்டால் குணா ஜெயித்துவிடும்.

ஆனால் வீட்டில் பார்ப்பது வேறு. தியேட்டருக்கு ஒரு தடவை போகிறோம், திரும்புகிறோம், முடிந்தது. வீட்டிலோ ஒரே படம் பல தடவை ஓடும். விருந்தாளிக்காக, லீவு விட்டதற்காக, கரண்ட் போய் பாதியில் நின்றதற்காக, யாரோ தூங்கிவிட்டதற்காக. அதனால் நான் பார்த்தது ஒன்றைத்தான்: கதை தெரிந்த பிறகு அந்தப் படத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

மஞ்சும்மெல் பாய்ஸில் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது என்றுதான் முதலில் தோன்றும். கொச்சிப் பக்கத்திலிருந்து நண்பர்கள் வண்டியில் கொடைக்கானல் வருகிறார்கள், வேலியைத் தாண்டிக் குகைப் பக்கம் போகிறார்கள், சுபாஷ் குழிக்குள் விழுகிறான், குட்டன் இறங்கி எடுத்து வருகிறான். 2006-ல் நிஜமாக நடந்ததை வைத்து எடுத்தது. பிழைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டே பார்க்கப் பதற்றம் எங்கே இருக்கும்?

மறுபடி பார்க்கும்போது கண் வேறு இடத்துக்குப் போகிறது. முதல் அரைமணி நேரம் கல்யாண வீட்டுக் கூத்தும் வடம் இழுக்கும் போட்டியுமாகப் போகும். முதல் தடவை எங்கள் வீட்டில் எல்லாருமே "எப்பப்பா கொடைக்கானல் வரும்" என்று காத்துக்கொண்டிருந்த பகுதி அது. இரண்டாம் முறை பார்த்தால், படத்தின் கடைசியில் வரும் எல்லாமே அங்கே விதைத்து வைத்திருப்பது தெரிகிறது. எதிர்க் கோஷ்டியோடு வடம் இழுக்கும்போது யார் பிடியை விடுகிறார்கள், யார் முன்னால் நிற்கிறார்கள், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். அதே கைகள்தான் பிறகு குழியின் வாயில் கயிற்றைப் பிடித்து இழுக்கின்றன. இடையிடையே வரும் சின்ன வயசுக் காட்சிகளும் அப்படித்தான். முதல் தடவை 'இப்போது எதற்கு இது' என்று தோன்றியவை, மறுபடி பார்க்கும்போது சரியாகப் போய்ப் பொருந்துகின்றன.

ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். உதவி இன்னும் வந்து சேரவில்லை. மழை கொட்ட ஆரம்பிக்கிறது. சரிவில் ஓடிவரும் தண்ணீர் மொத்தமும் நண்பன் விழுந்த குழியைப் பார்த்துப் போகிறது. மேலே இருப்பவர்கள் தங்கள் உடம்பையே குறுக்கே போட்டு அதை மறிக்கிறார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது உணர்ச்சிகரமான ஒரு காட்சி, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படியில்லை. இங்கே மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, ஓடும். போகிற வழியில் மண்ணையும் சருகையும் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலை அடைமழையில் நின்று மண்வெட்டியால் வெட்டித் திருப்பிவிட்டவர்களுக்கு, கையாலும் உடம்பாலும் அந்தத் தண்ணீரை மறிப்பது எவ்வளவு ஆகாத காரியம் என்று தெரியும். அது தெரிந்தும் அவர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. குணா நிஜக் குகையில் எடுத்தது. அந்தப் படத்துக்கு முன்னால் அதை டெவில்ஸ் கிச்சன் என்றுதான் சொல்வார்கள். படம் வந்த பிறகு குணா குகை என்ற பெயரே நிலைத்துவிட்டது. மஞ்சும்மெல் பாய்ஸிலோ குழியின் உட்பகுதி பெரும்பாவூரில் போட்ட செட். ஆனால் எனக்குப் பயம் வந்தது செட்டைப் பார்த்துத்தான். குணாவுக்கு அந்தப் பாறை ஒரு கோயில், தன் அபிராமி என்று அவன் நம்பும் பெண்ணைக் கொண்டுவந்து வைக்கும் இடம். கேமராவும் அதைக் கோயிலாகத்தான் காட்டுகிறது. வெளிச்சம் சாய்ந்து விழுகிறது, பாறை அழகாக இருக்கிறது, பயமே இல்லை. கதைக்கு அதுதான் தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மலையில் பாறை இடுக்கு என்றால் ஈரம், வழுக்கல், அடி தெரியாத இருட்டு. சருகு மூடிக் கிடந்தால் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை 2024 படம் ஒரே நொடியில் காட்டிவிடுகிறது. சிரித்துப் பேசிக்கொண்டே நடக்கிறான், அடுத்த அடியில் ஆள் இல்லை. பின்னணியில் முழக்கமோ எச்சரிக்கையோ எதுவும் கிடையாது.

இனி, குணாவை மறுபடி பார்த்தால் என்ன மிச்சம்? பாட்டுகள் கண்டிப்பாக. பாலகுமாரன் வசனமும் அப்படியே நிற்கிறது. ஆனால் கதை தெரிந்த பிறகு எனக்குக் கனமாகிப்போனது வேறொன்று. ரோகிணி என்ற பெண்ணைக் கடத்திக்கொண்டு போய் மலைமேல் வைத்திருக்கிறான் ஒருவன். அவள் கோபப்படுகிறாள், தப்பிக்கப் பார்க்கிறாள், பிறகு அவன் மனதைப் புரிந்துகொண்டு அவளே அபிராமி ஆகிறாள். முதல் தடவை பார்க்கும்போது நாம் குணாவின் கண் வழியாகவே பார்ப்பதால் இது உறுத்தாது. மறுபடி பார்க்கும்போது நான் ரோகிணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பக்கத்தில் இருந்தாள். "அம்மா, அவங்களுக்கு வீடு ஞாபகமே வராதா?" என்று கேட்டாள். குணாவின் மனநிலையைச் சொல்லி விளக்கலாம், விளக்கினேன். ஆனாலும் அவள் கேள்வி அந்தப் பெண்ணைப் பற்றியது, அதற்குப் படத்தில் முழுப் பதில் இல்லை. 1991-ல் எடுத்த படத்தை இன்றைய தராசில் நிறுக்கிறாயா என்று என் கணவர் கேட்டார். தியேட்டர் படமாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் என் மகளோடு உட்கார்ந்து மறுபடி மறுபடி பார்க்கப்போகும் படத்துக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

நீளமும் ஒரு காரணம். குணா கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம், மற்றது இரண்டேகால். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் அந்த அரைமணி நேரம் பெரிய விஷயம்.

மழைச் சத்தம் வேறு இருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் டிவி சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் பேச்சு கேட்காது. குணா முழுக்க முழுக்கப் பேச்சில் ஓடும் படம். வசனம் போனால் படமே போச்சு. மஞ்சும்மெல் பாய்ஸில் வசனம் கேட்காமல் போனாலும் என்ன நடக்கிறது என்று புரியும். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். குழிக்குள் நடக்கும் காட்சிகளில் அவ்வளவு இருட்டு. டியூப்லைட் எரிந்தால் திரையில் நம் முகம்தான் தெரியும்.

அப்புறம் மொழி. தமிழ் டப்பிங் இருக்கிறது, வேண்டாம் என்பேன். மூல மலையாளப் படத்திலேயே கொடைக்கானல் ஆட்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். கடைக்காரர், போலீஸ், வனத்துறை எல்லாரும். வந்த பையன்களுக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. ராத்திரி நேரத்தில் தெரியாத ஊரில், அரைகுறைத் தமிழில் உயிருக்குக் கெஞ்சுவது எப்படி இருக்கும் என்பதுதான் அந்தக் காட்சிகளின் உயிர். டப்பிங்கில் எல்லாரும் ஒரே தமிழ் பேசினால் அது காணாமல் போகிறது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் மலையாளத்திலேயே ஓடி வசூலித்த படம் இது. சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் டப்பிங் சரி.

ஊர்க்காரியாக எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. எங்கள் ஊர்ப் போலீஸ் அந்தப் பையன்களை நம்பாமல் அடிப்பதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. நிஜத்தில் எந்த அளவுக்கு எப்படி நடந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அதே படத்தில் வழிகாட்டியும் கடைக்காரரும் அந்த ராத்திரியில் கூடவே நிற்கிறார்கள், அதையும் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு படங்களையும் நான் தியேட்டரில் பார்த்ததில்லை. பெரிய திரையில், நல்ல ஒலியில் எது ஜெயிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டு டிவிக்கு மட்டும்தான் என் கணக்கு.

மலைப்படம் என்றால் மூன்றாம் பிறையை ஏன் சேர்க்கவில்லை என்று நீலகிரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கேத்தி பள்ளத்தாக்கின் குளிரை பாலு மகேந்திரா மாதிரி யாரும் எடுத்ததில்லை. 1982 படம், ஒளிப்பதிவுக்கும் கமலுக்கும் தேசிய விருது. மறுபடி பார்க்கும் கணக்கில் பார்த்தால் இந்த இரண்டையும்விட அதுதான் மேலே. ஆனால் கேத்தி ஸ்டேஷன் கடைசிக் காட்சி முடிந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. எல்லாரும் சேர்ந்து இருக்கும் ராத்திரிக்கு அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தொடர்கள் நான் அதிகம் பார்த்தவள் இல்லை, அதனால் சுருக்கமாக. சுழல் முதல் சீசனை எட்டுப் பகுதியும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பின்னியிருந்த விதம் அருமை. யார் செய்தது என்று தெரிந்த பிறகு மறுபடி போடத் தோன்றவில்லை. அயலி அப்படி இல்லை. புதுக்கோட்டைப் பக்க கிராமத்தில், வயசுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகும் தமிழ்ச்செல்வியை என் மகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பாள். பகுதிகளும் சின்னவை, கரண்ட் போனால்கூட மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். படம் வேண்டாம், தொடர்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மஞ்சும்மெல் பாய்ஸில் குடிக்கும் காட்சிகள் உண்டு, போலீஸ் அடிப்பது உண்டு. குழிக்குள் சுபாஷின் நிலைமை சின்னவர்களைத் தூங்கவிடாது. என் சின்னவனை அந்தப் பகுதியில் அப்பத்தாவோடு அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன். அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

மற்றபடி, கீழேயிருந்து விருந்தாளிகள் வந்தால் இப்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே இந்தப் படத்தைப் போட்டுவிடுகிறேன். படம் வந்த பிறகு குணா குகைக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வெளியே பின்னிக் கிடக்கும் மர வேர்களில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் முறை. இதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் அதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.