பேட்டிங் சராசரியில் முதலிடம் யாருக்கு: பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தைப் பயன்படுத்திப் பார்த்ததில்

அமெரிக்க பேஸ்பாலில் எந்தப் பருவத்தில் யார் பேட்டிங் சராசரியில் முதலிடம் பெற்றார் என்று அறிய விரும்புவோருக்கு, ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் ஒரு தெளிவு வேண்டும்: அங்கே சராசரி என்பது ஓட்டக் கணக்கன்று; அடித்த ஹிட்களை (பந்தை அடித்து ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டியவற்றை) மட்டையாடிய முறைகளால் வகுத்து வருவது. வாக் (நான்கு தவறான வீச்சுகளால் முதல் தளத்துக்கு இலவசமாகச் செல்வது) பெற்றுச் சென்ற முறைகள் அதில் சேர்வதில்லை. பத்து முறைக்கு மூன்று ஹிட், அதாவது .300 எடுத்தாலே அவர் சிறந்த ஆட்டக்காரர்.

ஆண்டுவாரியாக முதலிடம் பெற்றவர்களின் பட்டியல் பல இடங்களில் கிடைக்கும். இந்தத் தளத்தின் சிறப்பு, அந்தப் பெயரிலிருந்து ஆட்டக்காரரின் முழுப் பருவக் கணக்குக்கும் உடனே போக முடிவதுதான். 1996இல் சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் டோனி க்வின் .353 எடுத்தார், ஆனால் வாக் போன்றவற்றையும் சேர்த்து அவர் மட்டையாட வந்தது 498 முறை. 162 ஆட்டப் பருவத்தில் பேட்டிங் சராசரிப் பட்டத்துக்குக் குறைந்தது 502 முறை வந்திருக்க வேண்டும். குறையும் 4 முறைகளையும் ஹிட் இல்லாதவையாகச் சேர்த்துக் கணக்கிட்டும் அவரே முன்னிலையில் இருந்ததால், விதிப்படி பட்டம் அவருக்கே கிடைத்தது. 498 என்ற எண்ணைப் பார்த்த பிறகே அந்த விதி எனக்கு விளங்கியது.

டெட் வில்லியம்ஸின் 1941ஆம் ஆண்டுப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். பருவத்தின் கடைசி நாள் காலையில் .39955 என்றிருந்த சராசரி .400 என்றே முழுமையாக்கப்பட்டிருக்கும். அவர் வெளியே அமராமல் பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, 8 முறைக்கு 6 ஹிட் அடித்து, .406இல் முடித்தார். அதற்குப் பின் உயர்மட்டப் போட்டிகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் யாரும் .400ஐத் தொடவில்லை. தளத்தில் நிற்கும் ஓட்டக்காரர் ஓட்டம் எடுக்கும்படி பந்தைத் தூக்கி அடித்து ஆட்டமிழந்தால் அதைக் கணக்கிலிருந்து விலக்கும் சலுகையும் அந்தப் பருவத்தில் நடைமுறையில் இல்லை.

கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென முன்பு தனியாக நடந்த நீக்ரோ லீக் ஆட்டங்களைப் பெரிய லீக்குகளின் வரிசையில் இந்தத் தளம் 2021இலேயே சேர்த்தது. மேஜர் லீக் பேஸ்பால் தன் அதிகாரப்பூர்வக் கணக்கில் அவற்றை இணைத்தது 2024 மே மாதத்தில்தான். அதன்படி ஜாஷ் கிப்சன் 1943இல் எடுத்த .466 ஒரு பருவத்தின் உச்சமானது. 1894இல் ஹ்யூ டஃபி எடுத்த .440 கீழிறங்கியது. அந்த லீக்குகளின் பருவங்கள் குறுகியவை என்பதால், சராசரிக்கு அருகிலேயே ஆட்ட எண்ணிக்கையும் பெரிய எழுத்தில் இருந்தால் புதிய வாசகருக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

1910ஆம் ஆண்டையும் திறந்து பாருங்கள். அந்த ஆண்டுப் பட்டம் பெற்ற டை காப் என்பவரின் ஓர் ஆட்டம் இருமுறை பதிவானது பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது. 1981இல் மேஜர் லீக் ஆணையர் போவி கூன் பட்டத்தை மாற்ற மறுத்தார். தளமோ திருத்திய கணக்கையே காட்டுகிறது: நாப் லஜோய் .383, காப் .382.

பட்டியல்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பல நிபந்தனைகளைச் சேர்த்துத் தேட விரும்புவோருக்கு ஸ்டாட்ஹெட் என்ற சந்தா சேவை தனியாக உண்டு. ஆண்டுப் பட்டியல் மட்டும் போதும் என்பவருக்கு அது தேவைப்படாது.