தூண்டில் இரையை வீட்டில் உயிரோடு வைத்திருக்க: மண்புழுவா, பொடிமீனா, இறாலா?

வாரம் ஒருமுறை ஏரிக்குப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியும் கையுமாக இரை தேடத் தொடங்கினால், மீன் நன்றாகக் கடிக்கும் விடியற்பொழுது அதிலேயே கழிந்துவிடும். ஆகவே இரையை முன்கூட்டியே சேர்த்து வீட்டில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளிலும் முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டுவரும் எனக்கு, மண்புழு, பொடிமீன், இறால் ஆகிய மூன்றையும் வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் உண்டு. எந்த இரைக்கு மீன் அதிகம் விழும் என்பது வேறு கேள்வி. வீட்டில் வைப்பதற்கு எது ஏற்றது என்பதை முடிவு செய்வது, அந்த உயிர் எப்படி மூச்சுவிடுகிறது என்பதும் நம் ஊர் வெயில் அந்த மூச்சை என்ன செய்கிறது என்பதுமே.

மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. ஈரமான தோல் வழியாகவே அது மூச்சுவிடுகிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். மண் சேறாகித் தண்ணீர் தேங்கினால், காற்று புகாமல் அப்போதும் மூச்சு முட்டும். ஈரத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு.

மண்புழுவிலும் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய்க்கால் ஓரத்திலும் வாழைக் கொல்லையிலும் தோண்டி எடுக்கும் நாட்டுப்புழு தசை இறுகியது. முள்ளில் நன்றாக நிற்கும், கெளுத்திக்கும் கொரவைக்கும் சிறப்பாகப் பயன்படும். ஆனால் அது மண்ணைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழும் புழு என்பதால், எடுத்த இடத்து மண்ணையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் ஒரு வாரம் தாங்கும். வீட்டுத் தொட்டியில் அது பெருகும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மண்புழு உரம் தயாரிக்கும் இடங்களில் கிடைக்கும் ஆப்பிரிக்கப் புழு, அதாவது யூட்ரிலஸ் யூஜினியே, மக்கும் குப்பையைத் தின்று வாழ்வது. அது ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வரை வளரும். 25 முதல் 30 டிகிரி வெப்பம் அதற்கு இயல்பானது. இரண்டு மாதத்துக்குள் முதிர்ந்து முட்டைக்கூடு இடத் தொடங்கிவிடும். முள்ளில் ஏற்றும்போது நாட்டுப்புழுவைவிட மென்மையாக இருப்பதால் சிறு மீன்கள் கொத்தி உருவிக்கொண்டு போவது உண்டு. அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டால், ஒருமுறை வாங்கிய கால் கிலோ புழு ஆண்டுக்கணக்கில் இரை தரும்.

வாய் அகன்ற மண்தொட்டியே இதற்குச் சிறந்த பாத்திரம். அதன் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே உள்ளிருக்கும் மண்ணும் குளிர்ந்திருக்கும். பிளாஸ்டிக் வாளிக்கு அந்த வசதி இல்லை. அடித்துளையை ஓட்டாஞ்சில்லால் மூடி, மூன்று வாரமாவது ஆறிய மாட்டுச் சாணத்தையும் காய்ந்த இலைச் சருகையும் கலந்து நிரப்ப வேண்டும். புதுச் சாணம் நொதித்துச் சூடேறும். ஒரு மே மாதத்தில் அவசரப்பட்டுப் புதுச் சாணத்தைக் கொட்டியதால், ஒரே இரவில் தொட்டி முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். எலுமிச்சைத் தோலும் உப்புப் பட்ட சமையல் கழிவும் கூடாது. தொட்டியை முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. மழை இரவுகளில் புழு வெளியேறப் பார்க்கும் என்பதால் துணியால் வாயைக் கட்டிவிட வேண்டும்.

புழுவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம் என்னும் அறிவுரை குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் பெரிய புழு குளிர்ந்த மண்ணில் வாழ்வது. 5 டிகிரிக் குளிரிலும் அது வாரக்கணக்கில் சோர்ந்து கிடந்து பிழைத்துக்கொள்ளும். வெப்ப நாட்டுப் புழுவான யூட்ரிலஸ் அந்தக் குளிரில் செத்துப்போகும். இந்த வேறுபாட்டை அறியாமல் பிறர் சொன்னதைப் பின்பற்றிப் புழுவைச் சாகவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விராலுக்குப் பொடிமீனை விஞ்சிய இரை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதை வீட்டில் காப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வெப்பத்தில் மீனுடைய உடலின் தேவையோ கூடிக்கொண்டே போகும். மீன் கழிக்கும் அமோனியாவும் சூட்டில் கூடுதல் நஞ்சாகிறது. எனவே ஆழமான குடத்தைவிட வாய் அகன்ற அன்னக்கூடை நல்லது; காற்று படும் பரப்பு அதில் அதிகம். இருபது லிட்டர் தண்ணீருக்கு விரல் நீள மீன் பத்துக்கு மேல் விடக் கூடாது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். தீனி மிகக் குறைவாகவே போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாதலால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால், அதையும் ஏர் பம்ப் விட்டு வைத்திருந்து பயன்படுத்துவதே பாதுகாப்பு. மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் வெள்ளிக்கெண்டைப் பொடிகள் முதலில் மிதக்கும். அயிரை இனத்து மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் மூச்சுவிட வல்லவை என்பதால் கூடுதலாகத் தாங்கும். பொடிமீன்தான் வேண்டும் என்பவர் அயிரையைத் தேடுவது நல்லது.

மிஞ்சிய பொடிமீனை வேறொரு ஏரியில் விடும் பழக்கத்தைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். 1952-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளம் குட்டைகளை எப்படி நிறைத்திருக்கிறது என்பது தூண்டில்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதன் குஞ்சுகள் பொடிமீனோடு கலந்து வந்துவிடுவது மிக எளிது.

இறாலை வீட்டில் வைக்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கொடுவாய்க்கு அது ஈடற்ற இரைதான். ஆனால் அதைப் பிடித்த கழியின் உப்புத்தன்மையிலேயே தண்ணீர் வேண்டும்; ஒன்று சட்டை உரித்தால் மற்றவை அதைத் தின்றுவிடும்; இரவில் துள்ளி வெளியே விழும். போகும் அன்று விடியற்காலையில் வாங்கி, ஈரக் கோணிச்சாக்கில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் குளிர்ச்சியாக வைத்தால், செவுள் ஈரம் காயாதவரை சில மணி நேரம் உயிரோடிருக்கும். ஒரு காலை நேரத் தூண்டிலுக்கு அது போதும். தவளையையும் சிலர் பிடித்து வைக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற உயிர் அது. ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

மாதம் ஒருமுறை மட்டும் போகிறவருக்குத் தொட்டியும் வேண்டாம். முதல்நாள் மாலை நாட்டுப்புழு தோண்டிக்கொள்ளலாம். வாரந்தோறும் போகிறவர் ஆப்பிரிக்கப் புழுத் தொட்டி ஒன்றை நிழலில் வைத்துக்கொள்ளட்டும். விராலை மட்டுமே குறிவைக்கும் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை அயிரை பத்து வாங்கி இரண்டு இரவு மட்டும் காத்தால் போதும். ஏரிக்குக் கிளம்பும்போது புழுவைத் தொட்டியோடு தூக்கிச் செல்லாமல், இருபது முப்பதை மட்டும் ஈரச் சருகோடு துணிப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் வாடிய மிச்சத்தைத் திரும்பத் தொட்டியில் போட்டால், அதில் செத்து அழுகும் ஒன்றிரண்டு புழுக்கள் மற்றவற்றையும் கெடுத்துவிடும். அவற்றை ஏரிக்கரையில் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டுவிடலாம்.