அரிய குதிரை என்று நம்பி ரூ. 14,500 இழந்தேன்: மாதிரிக் குதிரை சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். வீட்டில் பாதித் தொகையைத்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கே, "ஊரில் வேளாரிடம் சொல்லியிருந்தால் அய்யனாருக்கு மண்புரவியே எடுத்திருக்கலாமே" என்று கணவர் சிரிக்கிறார்.

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். பதினோரு வருடமாக பிரேயர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாஸ்டிக் மாதிரிக் குதிரைகளைச் சேர்க்கிறேன், பெரும்பாலும் 1:9 அளவு, அதாவது நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் பழைய பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையைத் தினமும் துழாவுவேன். அங்கேதான் கண்ணில் பட்டது: 1960களின் அரேபியக் குதிரை, மரவரிப் பூச்சு. பிளாஸ்டிக் உடம்பில் மரத்தின் ரேகைகளைத் தீட்டியிருப்பார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தச்சன் செதுக்கியதேதான். படத்தில் இடது காது நுனி மட்டும் மூளி. போலி விற்கிறவன் காதை உடைத்தா விற்பான் என்று நினைத்தேன்!

தொலைபேசியில் பேசியவன் தமிழன். "மாட்டுங்காவா அக்கா? எங்கள் அத்தை வீடும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம்தான்" என்றான். அதோடு விட்டானா? "அலமாரியில் வெயில் விழுமா? விழுந்தால் சொல்லிவிடுங்கள், தர மாட்டேன். பழைய அசிட்டேட் பிளாஸ்டிக் மஞ்சளித்துவிடும்." அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். இந்த ஊரில் குதிரைகளைப் பற்றி என்னோடு தமிழில் முக்கால் மணி நேரம் பேச வேறு யார் இருக்கிறார்கள்? தளத்தின் வழியே போனால் கமிஷன், நேராக யுபிஐயில் அனுப்பிவிடுங்கள் என்றான். ரூ. 14,500, ஒரே தவணையில் அனுப்பினேன்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. செய்தித்தாள் சுருள்களை விலக்கித் தூக்கியதுமே கை தாழ்ந்தது. அசல், உள்ளே கூடான செல்லுலோஸ் அசிட்டேட். நகத்தால் தட்டினால் வெற்றுக்கூடாக ஒலிக்கும். இது 'தொக்' என்றது. ரெசினில் வார்த்த நகல். ஈரப் பஞ்சால் வயிற்றைத் துடைத்தேன், பழுப்புச் சாயம் பஞ்சில் ஏறியது. பின்னங்காலின் உட்புறம், பிரேயர் முத்திரையைத் தேடிய இடத்தில், உப்புத்தாள் தேய்த்த தடம். காதுகள் இரண்டும் குறையில்லாமல் இருந்தன. அந்த மூளியைப் பார்க்காததில்தான் அழுகை வந்தது.

"வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும் அக்கா" என்றான் முதலில். பிறகு கூரியரில் மாறியிருக்கும் என்றான். பிறகு எண் அணைந்துவிட்டது. அந்தத் தளத்துக்கு நான்கு நாளில் ஆறு முறை எழுதினேன். ஐந்து முறை "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே இயந்திரப் பதில். ஆறாவதில், பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பில்லை என்றார்கள். வங்கியில், "நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியதுதானே மேடம்?" ஆமாம், நானேதான். இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே அழைத்திருந்தால் பணத்தை முடக்கப் பார்த்திருக்கலாமாம். பெட்டி வரும் முன் ஏமாந்தது எனக்கு எப்படித் தெரியும்?

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை போய்விட்டது. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அன்றைய தேதி எழுதிய சீட்டைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். காலின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள், சமையலறைத் தராசில் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் பேசுகிறான் என்று உருகாதீர்கள்.

இன்று காலை அதே படம், அதே மூளிக் காதோடு, வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. விலை 16,000. தளத்துக்குத் தெரிவித்து மூன்று மணி நேரமாகிறது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.