நாலு வருஷம் ஓட்டிய வண்டியும் அதன் சைடு ஸ்டாண்ட் சுவிட்சும்

போன வாரம் மூன்றாவது தடவையாக என் பைக்கின் சைடு ஸ்டாண்ட் சுவிட்சை மாற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தேன். அன்றைக்கு ராத்திரியே சித்தப்பா பையன் போன் பண்ணினான். அடுத்த ஜூலையில் அவனும் நண்பர்களும் மணாலி வழியாக லடாக்கில் இருக்கும் லே போகிறார்களாம். என் வண்டியின் மாடலிலேயே பழைய வண்டி ஒன்று விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டான். "ரெண்டு நாள் பொறுடா, எழுதி அனுப்பறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது. வேறு யாருக்காவது உதவும். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. என் சண்டை ஒரே ஒரு பாகத்தோடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் வாங்கினேன், 51,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை. கிளட்ச் பிளேட் ஒரு தடவை, செயின் செட் இரண்டு தடவை, அவ்வளவுதான். ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினாலும் முதுகு பிடிப்பதில்லை. மழையில் பிரேக் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இந்த விலையில் இப்படி ஒரு இன்ஜின் கிடைப்பது பெரிய விஷயம், அதை மனதாரச் சொல்கிறேன்.

லடாக் போனது 2022 ஜூலையில். கோவை, ஈரோடு பக்கத்து ஆட்கள் ஏழு பேர், ஏழு வண்டி. வண்டிகளை ரயிலில் டெல்லிக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து ஓட்டினோம். மணாலியில் வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று தம்பி கேட்கிறான். லே வரைக்கும் போதும். ஆனால் வெளியே எடுத்த வாடகை வண்டியில் கர்துங் லா (லா என்றால் கணவாய்), பாங்காங் ஏரிப் பக்கம் சுற்ற உள்ளூர் வாடகை வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். அங்கே போய் லே வண்டி ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டும். சொந்த வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு ரோதாங் கணவாய் ஏறாமலே லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம். 9 கிலோமீட்டர் உள்ளே போய் வெளியே வந்தால் வேறு ஒரு நாடு மாதிரி இருக்கிறது. சந்திரா ஆறும் பாகா ஆறும் சேரும் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகையும் இருக்கிறது. அங்கே டேங்கை நிரப்பி, கேனிலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டி எனக்கு மறக்க முடியாத சந்தோஷத்தைக் கொடுத்தது அதற்கு மேலேதான். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். இன்ஜினுக்கும் அதே மூச்சுத்திணறல். எங்களில் இரண்டு பேர் கார்புரேட்டர் வண்டி. காற்று குறைந்ததும் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை தள்ளியது, ஏற்றத்தில் முதல் கியரிலேயே இழுக்க வேண்டியிருந்தது. என் வண்டி இன்ஜெக்‌ஷன். சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பவர் குறைந்தது உண்மை, ஆனால் திணறவில்லை. வழியில் ராத்திரி தங்கிய சர்ச்சுவில் விடியற்காலைக் குளிரில் ஒரே செல்ஃபில் எடுத்தது. டேங்கைத் தட்டிக்கொடுத்தேன்.

சரி, இப்போது அந்தச் சுவிட்ச். ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜினை நிறுத்திவிடும், அதுதான் அதன் வேலை. ஸ்பிரிங்கில் உள்ளே வெளியே போகும் ஒரு சின்னக் குச்சி, இரண்டு வயர். ஸ்டாண்ட் போல்ட்டுக்குப் பக்கத்தில், முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறெல்லாம் வந்து விழுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

தர்ச்சா என்ற ஊரைக் கடந்து பாரலாச்சா லா ஏறும் வழியில் பனி உருகிய தண்ணீர் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடும். நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானத்துக்குள் முழங்கால் வரை வந்துவிடும். அதனால்தான் விடியற்காலையில் கிளம்பச் சொல்வார்கள். எங்களில் என் மச்சானுக்கு, அதற்கு முன்னால் தங்கிய ஜிஸ்பாவிலேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. அவர் தூங்கி எழட்டும் என்று 10 மணிக்குத்தான் கிளம்பினோம். நாலாவுக்கு வந்தபோது மணி ஒன்று.

வரிசையில் நான் மூன்றாவது. பாதித் தண்ணீரில் இன்ஜின் நின்றது. காலை ஊன்றினேன், பூட்ஸுக்குள் ஐஸ் தண்ணீர் இறங்கியது. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது, முதல் கியர் போட்டால் நின்றுவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி நின்றது. எதிரே ஒரு லாரி, பின்னால் நாலு வண்டி. தண்ணீர் இழுக்கிற இழுப்பில் பின்சக்கரம் கல்லிலிருந்து நழுவுவது தெரிந்தது. இரண்டு பேர் வண்டியைக் கரையில் போட்டுவிட்டு இறங்கி வந்து தள்ளினார்கள். அவர்களுக்கும் முழங்கால் வரை நனைந்தது. அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கரை ஏறியதும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏர் ஃபில்டரில் தண்ணீர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பம்ப். கோபிசெட்டிபாளையத்தில், எங்களுக்குக் கோபி, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் மட்டும் கிட்டே வந்து, "தம்பி, நியூட்ரல்ல ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்கண்ணா. கியர் போட்டாத்தான் நிக்குது."

"அப்ப இன்ஜின்ல ஒண்ணுமில்ல. ஸ்டாண்ட் கீழ கெடக்குதுன்னு வண்டி நெனைச்சுக்குது."

பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். வெள்ளைச் சேறு வழிந்தது. நம் ஊர் ஆற்று மணல் இப்படி இருக்காது. பனியாறு பாறையை அரைத்து அரைத்துக் கோலமாவு மாதிரி ஆக்கிவிடுகிறது, அதுதான் அந்தத் தண்ணீரில் வருகிறது. விரலில் தேய்த்தால் தெரியாது, ஆனால் அந்தக் குச்சியைச் சுற்றிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். குச்சி திரும்பி வராது. கழுவினதும் வண்டி கிளம்பியது.

அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவும் ஏறி, நக்கீ லா தாண்டி, லாச்சுங் லாவில் நிறுத்தினோம். 5,000 மீட்டருக்கு மேலே. மச்சானுக்கு சர்ச்சுவில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, காலையில் வாந்தி வேறு. உயரம் ஒத்துக்கொள்ளாத ஆளை எவ்வளவு சீக்கிரம் கீழே இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், கியர் போட்டால் என் வண்டி நிற்கிறது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். குச்சி அசையவில்லை. ஊக்கு வைத்து நெம்பி, தட்டி, அது வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் மச்சான் ரோட்டோரம் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்" என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஒருத்தனை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது ஊரிலேயே பேசி வைத்தது. குழுவாகப் போகும்போது ஒரு வண்டி நின்றால் ஏழு பேரும் நிற்க வேண்டும். நூறு ரூபாய் ரப்பர் மூடி ஒன்று போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் முக்கால் மணி நேரம் அது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது.

கீழே பாங் என்ற இடத்தில் ராணுவ முகாமின் மருத்துவ அறையில் மச்சானுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அந்த மருத்துவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அதற்குள் கோபி அண்ணன் சுவிட்சின் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். அதற்கப்புறம் மோரே சமவெளியின் தூசி, 5,328 மீட்டரில் தங்லங் லா, லே, கர்துங் லா என்று எங்கேயும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆனால் லேயில் ஒரு பங்க்கிலிருந்து கிளம்பும்போது ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டேன். இடது பக்கம் திரும்பியதும் அது தரையில் இடித்து வண்டி தூக்கிப்போட்டது. மெதுவாக வந்ததால் விழவில்லை. என் பெரியப்பா இதே மாதிரி இடது வளைவில் விழுந்துதான் தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். அந்தச் சுவிட்ச் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். உயிரைக் காப்பாற்றுகிற பொருள் அது, அதனால்தான் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஊருக்கு வந்ததும் புதுசு போட்டேன். 2023 மழைக்காலத்தில் வால்பாறை போய் வந்தபோது அதுவும் போனது. இப்போது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அதே குச்சி, அதே இடம். காந்தத்தில் வேலை செய்யும் சுவிட்சும் உண்டு, அதில் நகரும் குச்சியே கிடையாது, சேறு போனாலும் பிடிக்காது. அதைப் போட்டுத் தர முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். இந்த மாடலுக்கு இதுதான் வரும் என்றார்கள். நாலு வருஷத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! மேலே யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

தம்பிக்கு என் பதில் இதுதான். இன்ஜின் தங்கம், சீட் அருமை, மைலேஜ் லிட்டருக்கு 30 கொடுக்கிறது. இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். உள்ளூரில் ஓட்டுவதற்கென்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நீ ஏழெட்டுப் பேரோடு பாரலாச்சா ஏறப்போகிறாய், அந்த நாலாவில் உனக்காக யார் தண்ணீரில் இறங்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் விற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கோபிக்குப் போகிறேன். சைக்கிள் டியூபை வெட்டி, கிரீஸ் அடைத்து, சுவிட்சுக்கு ஒரு உறை போட்டுப் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அது தாங்கியதா என்று எழுதுகிறேன்.