ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: பழைய விளையாட்டில் இன்னும் ஏன் ஆள் குறையவில்லை

பலர் இணையத்தில் ஒரே கற்பனை உலகில் சேர்ந்து ஆடும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பை இன்று முதன்முறையாகத் திறந்து பார்ப்பவருக்கு இது எப்படி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம்தான் முதலில் வரும். மனிதர்களின் முகத்தில் மூக்கும் வாயும் சரியாகத் தெரியாது. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவை போல நிற்கும். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போவதற்கே பொறுமை வேண்டும். இருந்தும், இதைவிட அழகாகவும் பெரும் செலவிலும் வந்த பல இணைய ரோல்பிளேயிங் விளையாட்டுகள் கடையைக் கட்டிவிட்ட பிறகும், இதன் உலகங்களில் எந்த நேரத்தில் நுழைந்தாலும் ஆள் இருக்கிறது. சென்னையில் இருந்தபடி நெடுநாளாக ஆடிவரும் எனக்கு இதன் காரணம் ஒன்றே ஒன்றாகத்தான் படுகிறது: ஆட்டக்காரர் பாடுபட்டுச் சேர்த்ததன் மதிப்பை, நடத்துகிற நிறுவனம் தன் இஷ்டத்துக்குக் குலைக்காமல் இருப்பது.

இந்தப் பாடத்தை, விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் அடிபட்டுத்தான் கற்றது. 2001 ஜனவரியில் வெளிவந்த மூல ரூன்ஸ்கேப், ஜாவா இருந்தால் போதும், பிரௌசரிலேயே ஓடியது. எதையும் இன்ஸ்டால் செய்யவிடாத நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில்கூட அதை ஆட முடிந்ததற்கு அதுவே காரணம். 2007 டிசம்பரில், விளையாட்டுக்குள் கிடைக்கும் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்பவர்களை ஒழிப்பதற்காக, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளும் வனாந்தரப் பகுதியின் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே விருப்பம்போல் பொருள் பரிமாறிக்கொள்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. இவ்விரண்டும் 2011இல்தான் திரும்பின. 2012 நவம்பரில் சண்டை முறையையே அடியோடு மாற்றியபோது பழைய ஆட்டக்காரர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். 2013 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் பழைய விளையாட்டைத் திரும்பக் கேட்க, 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பிரதியைக் கொண்டு 2013 பிப்ரவரி 22ஆம் தேதியே இந்தத் தனிப் பதிப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பிரதி மேற்சொன்ன கட்டுப்பாடுகளுக்கு முந்தையதாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

அதன் பிறகு அவர்கள் வகுத்துக்கொண்ட விதிதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. புதிய பகுதியோ, ஆயுதமோ, திறனோ எதுவானாலும் முதலில் ஆட்டக்காரர்களின் வாக்குக்கு வரவேண்டும். தொடக்கத்தில் 75 சதவீதம், 2022 முதல் 70 சதவீதம் ஆதரவு கிடைத்தால்தான் அது உள்ளே வரும். 2019இல் முன்மொழியப்பட்ட வார்டிங் என்ற திறன் இந்தத் தேர்வில் தோற்று அப்படியே கைவிடப்பட்டது. கப்பலோட்டும் திறன் 2023இல் வாக்கில் தேறி, 2025 நவம்பரில்தான் விளையாட்டுக்குள் வந்தது. இந்த நிதானம் சிலருக்கு எரிச்சலூட்டலாம், ஆனால் ஒரு திறனில் 99ஆம் நிலையை எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும் என்பதையும், 92ஆம் நிலைக்கு வரும்போதுதான் அதில் பாதி தாண்டுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவ்வளவு நேரம் கொடுத்தவர் நாளைக்கு விதி மாறிவிடாது என்ற உறுதியை எதிர்பார்ப்பது நியாயம்தான்.

இந்த உறுதி குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2003இல் வந்த அந்த விளையாட்டில் கடை நடத்துபவர், ஆயுதம் செய்பவர், மதுக்கூடத்தில் நடனமாடுபவர் என்று சண்டையே போடாமல் பிழைக்க வழி இருந்தது. ஸ்டார் வார்ஸ் கதைகளின் அபூர்வ சக்தி கொண்ட வீரரான ஜெடை ஆவது நெடுநாள் உழைப்பின் பலனாக இருந்தது. 2005 நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கி, முதல் நாளே யார் வேண்டுமானாலும் ஜெடை ஆகலாம் என்று அறிவித்தார்கள். புதியவர்களை ஈர்க்கத்தான் செய்தார்கள், ஆனால் இருந்தவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். 2011 டிசம்பரில் விளையாட்டே மூடப்பட்டது. மூடப்பட்ட எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இன்னொரு இணைய விளையாட்டு 2012இல் நிறுத்தப்பட்டபோதும் அதை நேசித்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் நடத்திய ஹோம்கமிங் சர்வருக்கு 2024இல் முறையான உரிமமே கிடைத்தது.

சென்னையில் இருந்து ஆடுபவருக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. விளையாட்டின் கடிகாரம் 0.6 நொடிக்கு ஒரு முறைதான் நகர்கிறது. எனவே பிரிட்டனில் உள்ள சர்வரில் சேர்ந்தாலும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் நம்மைக் கொன்றுவிடும் தாமதம் இங்கே பெரும்பாலும் தெரிவதில்லை. 2018 அக்டோபரில் மொபைல் பதிப்பு வந்தபின் வீட்டுக் கணினியில் விட்ட இடத்தில் இருந்து கைபேசியில் தொடரலாம். தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களில் விளையாட்டில் உள்ள கரம்ஜா தீவில் சிங்கி இறால் பிடிப்பது என் வழக்கம்: கூண்டோடு நீர்க்குமிழி எழும் இடத்தை ஒரு முறை தொட்டுவிட்டால் நம் கதாபாத்திரம் தானே பிடித்துக்கொண்டிருக்கும், குமிழி வேறிடம் மாறும்போது மட்டும் மறுபடி தொட வேண்டும். பையில் உள்ள 28 இடங்களில் கூண்டுக்கு ஒன்று போக மற்ற 27உம் நிரம்புவதற்குள் சில நிலையங்கள் கடந்திருக்கும். நடுவில் சிக்னல் அறுந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. எதை எங்கே தேட வேண்டும் என்று விளையாட்டு சொல்லித் தருவது மிகக் குறைவு; விளையாட்டின் இணையக் கையேடான விக்கியைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் பல சாகசப் பணிகளை முடிக்க முடியாது. தானாக ஆடும் பாட் கணக்குகள் இன்னும் தொல்லைதான். சில மரங்களைச் சுற்றி அர்த்தமற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட உருவங்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். முழு விளையாட்டுக்கு மாதச் சந்தா வேண்டும், நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது சிறிய தொகையில்லை. விளையாட்டுக்குள் சம்பாதித்த தங்கத்தில் சந்தாவுக்கு ஈடான பாண்டு என்ற பொருளை வாங்கி 14 நாள் உறுப்பினராகலாம் என்றாலும், அதற்கான வருமானம் வருவதற்குப் புதியவர் வெகுகாலம் உழைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இலவசப் பகுதியை ஆடிப் பாருங்கள். சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுவரும் முதல் பணியில், கோதுமையைப் பறித்து, காற்றாலையின் மேல்மாடிக்கு ஏறிக் கொட்டி, நெம்புகோலை இழுத்து, கீழே இறங்கிச் சட்டியில் மாவு பிடிக்க வேண்டும். வேளச்சேரியில் இருக்கும் என் அத்தை மகன் அந்த மாடிப்படியிலேயே சலித்துப்போய் விட்டுவிட்டான். அதில் சுவை கண்டவர்கள் மட்டும் சந்தாவைப் பற்றி யோசித்தால் போதும்.