தேவைக்கான உதவித்தொகையா, மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையா?

பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்கள் முதலில் சமூக அறக்கட்டளையின் (ஒரு பகுதி மக்களுக்காகப் பலரின் நன்கொடைகளை நிர்வகிக்கும் அமைப்பு) தேவை சார்ந்த உதவித்தொகைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பேன். மதிப்பெண் உதவித்தொகையில் மதிப்பெண் பேசும்; இதில் வரவு செலவுக் கணக்கு பேசும். வீட்டு வருமானம், கட்டணம், வாடகை, பஸ் செலவு எல்லாம் எழுதி, எவ்வளவு துண்டு விழுகிறது என்று காட்ட வேண்டும். கூச்சப்பட்டுக் குறைத்து எழுதாதீர்கள், அவர்கள் பார்ப்பதே அந்தத் துண்டைத்தான். பல கொடையாளர்களின் நிதிகளை ஒரே அறக்கட்டளை நிர்வகிப்பதால், பெரும்பாலும் ஒரே விண்ணப்பம் பல நிதிகளுக்கும் போகும். தொகை சிறியதாக இருக்கலாம்.

மதிப்பெண் உதவித்தொகை சில சமயம் முழுக் கட்டணத்தையும் ஏற்கும். சரி, ஆனால் மதிப்பெண் சரிந்தால் அது நின்றுபோகலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அது பெரிய பயம்.

அப்புறம், இரண்டையும் சேர்த்து வாங்கலாமா என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள். வெளியிலிருந்து பணம் வந்தால் சில கல்லூரிகள் தங்கள் உதவியைக் குறைத்துவிடும்.